எட்டு மணி என்றால் எப்போது? சூரிக்கிலிருந்து லிமா வரை

நாள் 1: சூரிக்

சூரிக் மத்திய ரயில் நிலையத்தில் எந்த நடைமேடையில் நின்றாலும் தலைக்கு மேலே அந்தக் கடிகாரம் தெரியும். வெள்ளை முகம், கறுப்புக் கோடுகள், எண்கள் கிடையாது. சிவப்பு விநாடி முள்ளின் நுனியில் ஒரு வட்டம். ரயிலைக் கிளப்ப அதிகாரி கையில் தூக்கிக் காட்டிய வட்டத் தட்டின் வடிவம் அது. ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். முள் ஒரு சுற்றைச் சுமார் 58.5 விநாடியிலேயே முடித்துவிட்டு உச்சியில் வந்து நின்றுவிடுகிறது. ஒன்றரை விநாடி அசைவே இல்லை. பிறகு நிமிட முள் சட்டென்று ஒரு கோடு தாவுகிறது, சிவப்பு முள்ளும் மறுபடி ஓடத் தொடங்குகிறது.

ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்ற பொறியாளர் 1944-ல் சுவிஸ் ரயில்வேக்காக வடிவமைத்தது. சிவப்பு முள் 1953-ல் சேர்ந்தது. தலைமைக் கடிகாரத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு மின்துடிப்புதான் வரும். விநாடி முள்ளை அந்தந்தக் கடிகாரத்தின் மோட்டார் ஓட்டுகிறது. எல்லா மோட்டாரும் ஒன்றுபோல ஓடாது. அதனால் எல்லா முள்ளையும் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, உச்சியில் நிறுத்திவைத்து, துடிப்பு வந்ததும் ஒன்றாக விடுவிக்கிறார்கள். முன்னதாக வந்து, நின்று, சேர்ந்து கிளம்புவது. நேரம் தவறாமை எங்கே இருந்தாலும் அதற்குள் இப்படி ஒரு காத்திருப்பு ஒளிந்திருக்கும்.

இந்தப் பயணம் முழுக்கக் கூடவே வரப்போகும் கேள்வியும் இதுதான்: காத்திருப்பு யார் தலையில் விழுகிறது? அந்த நாட்டுக்காரர்கள் ஒழுங்கு, இந்த நாட்டுக்காரர்கள் சோம்பல் என்று பேசுவதால் பயணிக்கு ஒரு பயனும் இல்லை. யார் காத்திருப்பது என்று அந்த ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ரயிலும் தவறாது, நட்பும் கெடாது.

சுவிட்சர்லாந்தில் காத்திருப்பை அட்டவணை சுமக்கிறது. 1982-ல் நாடு முழுவதற்கும் 'டாக்ட்' முறை வந்தது. ஒரு ஊரிலிருந்து 8:02-க்கு ரயில் உண்டென்றால் 9:02, 10:02 என்று நாள் முழுக்க அதே நிமிடத்தில் உண்டு. பெரிய சந்திப்புகளில் எல்லாத் திசை ரயில்களும் முழு மணிக்குச் சில நிமிடம் முன்னால் வந்து சேரும், பயணிகள் நடைமேடை மாறுவார்கள், மணி கடந்ததும் எல்லாம் கிளம்பும். இது நடக்க வேண்டுமானால் இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலான ஓட்டம் ஒரு மணிக்குள் அடங்க வேண்டும். சூரிக்–பெர்ன் ஓட்டம் ஒரு மணியைத் தாண்டிக்கொண்டிருந்தது. மாட்ஸ்டெட்டன்–ரோத்ரிஸ்ட் இடையே 45 கிலோமீட்டர் புதுப்பாதை போட்டு, 2004 டிசம்பரில் அதை 56 நிமிடமாகக் குறைத்தார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 40 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் பெர்னில் இறங்கியவர் இணைப்பு ரயிலுக்காகச் சும்மாதான் நிற்க வேண்டியிருக்கும். தேவையான வேகத்துக்கு மேல் ஒரு பிராங்க் கூடச் செலவழிக்கக் கூடாது என்பது அவர்களுடைய கணக்கு.

இங்கே மூன்று நிமிடத்தை எட்டினாலே தாமதம். அந்தக் கறாரான அளவுகோலின்படியே 2024-ல் சுமார் 93 சதவீத ரயில்கள் நேரத்துக்கு வந்தன. ஆகவே செயலி ஆறு நிமிடத்தில் ரயில் மாறச் சொன்னால் நம்பி மாறலாம். நடைமேடையில் ஏ, பி, சி, டி என்று பகுதி எழுத்துகள் தொங்கும். மாறவேண்டிய படிக்கட்டுக்கு அருகில் நிற்கும் பெட்டியில் முதலிலேயே ஏறிக்கொள்வது நல்லது. அட்டவணையில் 10:02 என்றால் சக்கரம் உருளும் நேரம் அது. கதவு அதற்குச் சில விநாடி முன்பே பூட்டிவிடும். தவறவிட்டால் அடுத்தது அரை மணியோ ஒரு மணியோ கழித்து.

வீட்டுக்கு அழைத்தால்? ஏழு என்றால் ஏழு. ஏழு ஐந்து வரை சரி. பத்து நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தால் தகவல் ஏழு மணிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஏழு மணி கடந்து அனுப்பும் மன்னிப்புக்கு மதிப்பு பாதிதான்.

நாள் 2: பாசல்

எல்லை ஊர். ஜெர்மனியிலிருந்து வரும் ஐசிஇ அதிவேக ரயில் அளவுக்கு மீறித் தாமதமானால் அதை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். பயணிகளைச் சூரிக்குக்கு ஏற்றிச் செல்ல மாற்று ரயில் தயாராக நிற்கும். பார்ப்பதற்குக் கடுமையாகத் தோன்றும். ஆனால் தாமதமான ஒரு ரயிலை உள்ளே விட்டால் மேலே சொன்ன சந்திப்புக் கணக்கு ஊர் ஊராகச் சரியும். சில நூறு பேரின் தாமதத்தை வேறு எத்தனையோ பேர் சுமக்க வேண்டி வரும். எனவே பாசல் வழியாகப் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளைக் கட்டித் தயாராக வைத்திருப்பதும், நேர் ரயில் என்று நம்பித் தூங்கிவிடாமல் இருப்பதும் நல்லது.

நாள் 3: ஹைடல்பர்க்

ஜெர்மனி என்றால் நேரம் தவறாது என்ற எண்ணத்தோடு ரயிலேறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் ரயில்வே நிறுவனமான டாய்ச்ச பானின் நெடுந்தூர ரயில்களில் 2024-ல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தைக் கழித்துவிட்டு எடுத்த கணக்கு. ரத்தான ரயில்கள் அந்தக் கணக்கிலேயே வராது. பல ஆண்டுகளாகப் பாதைகளையும் பாலங்களையும் புதுப்பிக்காமல் விட்டதும், வேக ரயில், சரக்கு ரயில், உள்ளூர் ரயில் எல்லாம் ஒரே பாதையில் நெருக்கியடிப்பதும் காரணம். மனிதர்கள் அதே மனிதர்கள்தான். தண்டவாளம் தேய்ந்தால் நாட்டின் குணமும் தேய்ந்ததாக வெளியில் பேச்சு வந்துவிடுகிறது.

செய்யவேண்டியது இவை. வழியில் ரயில் மாறவேண்டிய பயணத்துக்கு முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுக்க வேண்டும். துண்டு துண்டாக எடுத்தால் இணைப்பு தவறும் நஷ்டம் பயணிக்கே. செயலியில் ரயில் மாற வேண்டிய இடைவெளியை 30 நிமிடமாக வைத்துத் தேடலாம். சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்த கணமே, குறிப்பிட்ட ரயிலுக்கென்று வாங்கிய மலிவு டிக்கெட்டும் கட்டவிழ்ந்துவிடும், வேறு ரயிலில் ஏறலாம். தாமத அறிவிப்பைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால் பரிசோதகரிடம் பேச்சு சுருக்கமாக முடியும். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

ரயிலைவிட அதிகம் பேரை ஏமாற்றுவது பேச்சு. ஜெர்மன்காரர் 'ஹால்ப் ஆக்ட்' என்பார். சொல்லுக்குச் சொல் 'அரை எட்டு'. நாம் ஏழரை என்னும்போது ஏழைக் கடந்த அரையைச் சொல்கிறோம். அவர்கள் எட்டை நோக்கிப் பாதி வந்ததைச் சொல்கிறார்கள். ஆக அதுவும் ஏழரைதான். பிரிட்டனில் பேச்சுவழக்கில் 'ஹாஃப் எய்ட்' என்றால் எட்டரை. இரண்டையும் குழப்பினால் சரியாக ஒரு மணி நேரம் போயிற்று. ஜெர்மனியின் கிழக்கிலும் தெற்கிலும் சில பகுதிகளில் 'ஃபியர்ட்டெல் ஆக்ட்' என்றும் சொல்வார்கள்: எட்டை நோக்கிக் கால் பங்கு, அதாவது ஏழேகால். கேட்டதும் எண்ணில் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். 'பத்தொன்பது முப்பதா?' என்று 24 மணிக் கணக்கில் கேட்டால் குழப்பமே வராது.

ஹைடல்பர்க் 1386-ல் தொடங்கிய பல்கலைக்கழக ஊர். இங்கே சொற்பொழிவு அறிவிப்பில் '9 சி.டி.' என்றிருந்தால் 9:15-க்குத் தொடங்கும். '9 எஸ்.டி.' என்றால் 9:00. லத்தீனில் 'நேரத்தோடு', 'நேரமின்றி' என்பவற்றின் சுருக்கம். கையில் கடிகாரம் இல்லாத காலத்தில் கோபுர மணி அடித்ததைக் கேட்டபின் மாணவர்கள் நடந்து வந்து சேரக் கொடுத்த கால் மணி நேரம் அது. நேரத்துக்குப் பேர்போன நாட்டிலேயே, எல்லாரும் ஒப்புக்கொண்ட 15 நிமிடத் தாமதம் நூற்றாண்டுகளாக உயிரோடிருக்கிறது. யாருக்கும் அதில் குறை தெரிவதில்லை, ஏனென்றால் அறிவிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள்.

நாள் 5: மாட்ரிட்

இரவு பத்து மணிக்குச் சாப்பிடுகிறார்களே என்று வியப்பவர்கள் வானத்தைப் பார்க்க வேண்டும். மாட்ரிட் லண்டனைவிட மேற்கே இருக்கிறது. 1940-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது. அது அப்படியே நின்றுவிட்டது. கோடை நேரமும் சேரும்போது சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் சுமார் 2:15-க்கு. இரண்டரைக்கு மதியச் சாப்பாடு என்றால் வெயில் கணக்கில் அது உச்சிவேளை. ஜூனில் பொழுது சாய்வது ஒன்பதே முக்காலுக்கு.

பேச்சிலும் இது தெரியும். 'மெதியோதியா' என்ற சொல்லுக்கு அகராதியில் நண்பகல். பேச்சில் பன்னிரண்டிலிருந்து மதியச் சாப்பாடு முடியும்வரை நீளும். 'மெதியோதியாவில் பார்க்கலாம்' என்று ஒருவர் சொன்னால் மணி எத்தனை என்று கேட்டுவிடுவதே நல்லது.

நாள் 7: டான்ஜியர்

ஸ்பெயினின் தாரிஃபா துறையிலிருந்து படகு சுமார் ஒரு மணி நேரம். கோடையில் ஸ்பெயின் கடிகாரம் மொராக்கோவைவிட ஒரு மணி முன்னே ஓடுவதால், பத்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்கே இறங்குவீர்கள். மொராக்கோ 2018 முதல் ஆண்டு முழுக்க உலகப் பொது நேரத்தைவிட ஒரு மணி முன்னே ஓடுகிறது. ரமலான் மாதத்துக்கு மட்டும் அந்த ஒரு மணியைக் குறைத்துக்கொள்ளும். ஆக ஆண்டுக்கு இரண்டு முறை மாறும், அந்த நாட்களும் பிறைக் கணக்கின்படி ஆண்டுக்கு ஆண்டு நகரும். அந்தச் சமயத்தில் விமான, ரயில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் தானாக மாறும் கைபேசியை மட்டும் நம்பாமல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

சந்திப்புகள் பெரும்பாலும் தொழுகையை ஒட்டித்தான் குறிக்கப்படும். மஃரிபு என்பது பொழுது சாய்ந்ததும் வரும் தொழுகை. 'மஃரிபுக்குப் பிறகு' என்றால் டிசம்பரில் ஆறு மணி கடந்து. ஜூனில் எட்டே முக்கால் கடந்து. எண் நகர்ந்தாலும் நிகழ்ச்சி நகராது. பாங்கொலி ஊருக்கே கேட்கும் என்பதால் இதைவிடத் துல்லியமான பொதுக் கடிகாரம் இருக்க முடியாது. அன்றைய தொழுகை நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

நாள் 10: அடிஸ் அபாபா

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாக விளக்க வேண்டும், ஏனென்றால் பயணிகள் அதிகம் தவறவிடுவது இங்கேதான், அதுவும் யாரும் தாமதமாக வராமலே.

எத்தியோப்பியாவில் நாள் விடியலில் தொடங்குகிறது, மணியும் அங்கிருந்தே எண்ணப்படுகிறது. நமது காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. எட்டு மணி, 'ஹுலெட்', அதாவது இரண்டு. நண்பகல் ஆறு. மாலை ஆறு பன்னிரண்டு. இரவு ஏழு மறுபடியும் ஒன்று. கைபேசியில் 8:00 என்று எழுதியிருப்பதைப் பார்த்தபடியே ஒருவர் இரண்டு மணி என்று சொல்வார், சற்றும் தடுமாற மாட்டார். முள் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு மாற்றிக்கொள்ளும் வழி சுலபம்: சிறிய முள்ளின் எதிர்ப்பக்க எண்ணைப் படித்தால் போதும். எட்டுக்கு எதிரே இரண்டு, பத்துக்கு எதிரே நான்கு.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இது இயல்பான ஏற்பாடு. ஆண்டு முழுக்க இங்கே சூரியோதயம் ஒரு மணி நேரத்துக்குள்தான் முன்பின் ஆகிறது. பொழுது விடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மணி நேரடியாகச் சொல்லிவிடும். நள்ளிரவில், எல்லாரும் தூங்கும்போது நாள் மாறுகிறது என்ற நம் வழக்கம்தான் யோசித்துப் பார்த்தால் வினோதமானது.

தவறு நடப்பது இப்படி. விடுதிக்காரர் "வண்டி மூன்று மணிக்கு" என்கிறார். பயணி பிற்பகல் மூன்று என்று எடுத்துக்கொண்டு காலையில் ஊர் சுற்றப் போகிறார். வண்டி காலை ஒன்பதுக்கே போய்விட்டது. இன்னொரு வகை: வெளிநாட்டவர் என்பதால் அவரே மனக்கணக்குப் போட்டு மாற்றிச் சொல்லியிருப்பார், கேட்டவர் மறுபடி ஆறு மணியைக் கூட்டிவிடுவார். அதனால் எண்ணைக் கேட்டதும் இரண்டாவதாக ஒரு கேள்வி அவசியம்: இது 'ஹபேஷா' மணியா, 'ஃபெரென்ஜி' மணியா? ஹபேஷா என்றால் எத்தியோப்பியர், ஃபெரென்ஜி என்றால் வெளிநாட்டவர். கூடவே காலையா, மதியமா, இரவா என்றும் கேட்க வேண்டும். விமான டிக்கெட்டில் சர்வதேச நேரம்தான் இருக்கும். வெளியூர் பஸ் சீட்டில் எந்த மணி எழுதியிருக்கிறது என்று வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். நெடுந்தூர பஸ்கள் விடியலுக்கு முன்பே ஆளேற்றும். 'இரவு 11 மணிக்கு வந்துவிடுங்கள்' என்றால் அது விடிகாலை ஐந்து.

தேதியிலும் இதே கவனம் வேண்டும். இவர்கள் நாட்காட்டியில் 30 நாள் கொண்ட 12 மாதங்கள், கடைசியில் ஐந்தோ ஆறோ நாள் கொண்ட 13-வது மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11-ல், சில ஆண்டுகளில் 12-ல். ஆண்டு எண் நம்முடையதைவிட ஏழோ எட்டோ குறைவு. 2000-வது ஆண்டுப் பிறப்பை இவர்கள் 2007 செப்டம்பரில் கொண்டாடினார்கள். ரசீதில் உள்ள தேதியைப் பார்த்துப் பழைய சீட்டு என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

உண்மையான தாமதத்துக்கும் இங்கே ஒரு பெயர் உண்டு: 'ஹபேஷா கெட்டெரோ', ஹபேஷா சந்திப்பு. நண்பர்கள் வட்டத்தில் அரை மணி, ஒரு மணி தாமதம் சகஜம். ஆனால் மேலே சொன்ன ஆறு மணி நேரக் குழப்பத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஊரைக் குறை சொல்வது அநியாயம்.

நாள் 13: நைரோபி

சுவாஹிலியும் விடியலிலிருந்தே எண்ணுகிறது. 'சா மோஜா அசுபுஹி', காலை மணி ஒன்று, நம் ஏழு. 'சா நானே', மணி எட்டு, பிற்பகல் இரண்டு. நைரோபியில் ஒரே ஆள் ஒரே உரையாடலில் ஆங்கிலத்துக்கும் சுவாஹிலிக்கும் தாவுவார், தாவும்போது மணியும் ஆறு மணி நேரம் தாவும். எந்த எண்ணைச் சொன்னார் என்பதைவிட எந்த மொழியில் சொன்னார் என்று காதில் வாங்குவது முக்கியம். ஆங்கிலத்தில் எட்டு என்றால் எட்டு. சுவாஹிலியில் எட்டு என்றால் இரண்டு.

அடுத்து மட்டாட்டு. 14 பேர் உட்காரும் வேன். வெளியூர் போகும் மட்டாட்டுகள் பலவற்றுக்கு அட்டவணை கிடையாது, நிரம்பினால் கிளம்பும். இதைப் பொறுப்பின்மை என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓட்டுநரும் நடத்துநரும் உரிமையாளருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும்; எரிபொருளும் அவர்கள் தலையில்; மிஞ்சுவதுதான் கூலி. ஆறு காலி இருக்கையோடு நேரத்துக்குக் கிளம்பினால் அந்த நடையில் அவர்களுக்கு ஒன்றும் நிற்காது. சுவிஸ் ரயில் காலியாக ஓடினாலும் அரசின் பணம் தாங்கிக்கொள்கிறது. இங்கே தாங்க ஆளில்லை, ஆகவே காத்திருப்பு பயணிகள் மேல் விழுகிறது. முதலில் ஏறியவர் மேல் அதிகமாக, பதினான்காவதாக ஏறியவர் மேல் துளியும் இல்லை.

இது தெரிந்தவர்கள் அதற்கேற்ப நடக்கிறார்கள். காலியான வண்டியில் ஜன்னலோரம் கிடைக்கிறதே என்று ஏறுவதில்லை. பாதிக்கு மேல் நிறைந்ததைத் தேடுகிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: வண்டி நிரம்பியதுபோல் காட்ட நிலையத்துப் பையன்கள் உள்ளே உட்கார்ந்திருப்பதுண்டு. பயணி ஏற ஏற அவர்கள் ஒவ்வொருவராக இறங்கிவிடுவார்கள். உண்மையான பயணிக்கு மடியில் பை இருக்கும், முகத்தில் அலுப்பு இருக்கும், கைபேசியில் வீட்டாரிடம் பேச்சு இருக்கும். வெறுங்கையோடு ஓட்டுநரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளியே கூவி அழைக்கும் ஆளிடம் காசு கொடுக்க வேண்டாம், உள்ளே நடத்துநரிடம் மட்டும். விடிகாலையிலும் வெள்ளிக்கிழமை பிற்பகலிலும் சீக்கிரம் நிரம்பும், நடுப்பகலில் இழுக்கும். இரண்டு மூன்று இருக்கைதான் பாக்கி என்றால் காத்திருப்பவர்கள் சேர்ந்து அந்தக் கட்டணத்தையும் பங்குபோட்டுக் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிடலாம். அடுத்த ஊரில் விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தால் அன்றைக்கு மட்டாட்டு சரிவராது.

அதே நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017 முதல் புதிய பாதையில் ரயில் ஓடுகிறது. குறித்த நிமிடத்தில் கிளம்பும். ஊருக்கு வெளியே இருக்கும் நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பயணிகள் வந்து பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கிறார்கள். நேற்று மட்டாட்டில் சாவகாசமாக உட்கார்ந்திருந்த அதே மக்கள். ரயில் காத்திருக்காது என்று தெரிந்ததும் நடத்தை மாறிவிடுகிறது.

நாள் 17: டோக்கியோ

2017 நவம்பர் 14. சுக்குபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று மினாமி-நகரெயாமா நிலையத்திலிருந்து 9:44:40-க்குக் கிளம்ப வேண்டியது, 9:44:20-க்குக் கிளம்பிவிட்டது. பயணிகள் பார்க்கும் அட்டவணையில் வெறும் 9:44 என்றுதான் இருக்கும். யாரும் புகார் செய்யவில்லை. நிறுவனம் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது. உலகமே இதைக் கேட்டு அதிசயித்தது. ஆனால் தொழில் தெரிந்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும்: தாமதமான ரயிலுக்காகப் பயணி நிற்கலாம், முன்னதாகப் போய்விட்ட ரயிலை என்ன செய்தாலும் பிடிக்க முடியாது. தாமதத்தைவிட முந்திப் போவது பெரிய குற்றம்.

ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால் 'சியென் ஷோமெய்ஷோ' என்ற தாமதச் சான்றிதழ் தருவார்கள். டிக்கெட் வாயிலில் சிறு சீட்டாகவோ இணையத்திலோ கிடைக்கும். பள்ளியிலும் அலுவலகத்திலும் காட்டலாம். தாமதம் யாருடையது என்பதை எழுத்தில் பிரித்துக் காட்டும் ஏற்பாடு.

அலுவலகச் சந்திப்பு பத்து மணிக்கு என்றால் வரவேற்பு மேசையில் பெயர் சொல்ல வேண்டியது 9:55-க்கு. 9:40-க்கே போய் நின்றால் எதிராளி இருந்த வேலையைப் போட்டுவிட்டு வரவேண்டியிருக்கும், அதுவும் அவருடைய நேரத்தை எடுப்பதுதான். அருகில் எங்காவது நின்றுவிட்டு நேரத்துக்குப் போகலாம். வீட்டுக்குப் போவதானால் ஓரிரு நிமிடம் பிந்துவதே மரியாதை, முந்தக் கூடாது. தொடங்கும் நேரத்தில் இவ்வளவு கறாராக இருப்பவர்கள் முடியும் நேரத்தில் அப்படியில்லை. ஆறு மணிக்கு வேலை முடிகிறது என்பது எத்தனையோ அலுவலகங்களில் பேச்சளவில்தான். இது வருத்தத்துக்குரிய சமன்குலைவு. ஊழியரின் மாலை நேரத்துக்கும் அதே கறார் பொருந்த வேண்டும்.

இது ஜப்பானிய ரத்தத்தில் ஊறியது என்பவர்களுக்குச் சரித்திரம் வேறு பதில் வைத்திருக்கிறது. 1850-களின் இறுதியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி தர வந்த டச்சு அதிகாரி கட்டென்டைக், ஜப்பானியர்களின் மெத்தனத்தைப் பற்றித்தான் அலுத்துக்கொண்டு எழுதினார். அன்று இங்கே பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்திருந்தார்கள். கோடைப் பகலின் ஒரு பங்கு நீளம், குளிர்காலப் பகலின் பங்கு குறைவு. சம அளவு மணிகள் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது 1873-ல். முதல் ரயில் 1872-ல்தான் ஓடத் தொடங்கியிருந்தது. 1920-ல் ஜூன் 10-ஐ நேர நினைவு நாளாக அறிவித்துப் பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம், ஆலை, ராணுவம், ரயில் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறையில் உருவாக்கிய பழக்கம் இது.

நாள் 18: அமாகசாகி

அந்தப் பழக்கத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். 2005 ஏப்ரல் 25 காலை, இந்த ஊரின் வளைவில் ஒரு பயணிகள் ரயில் தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. 23 வயது ஓட்டுநர் உட்பட 107 பேர் இறந்தார்கள். முந்தைய நிலையத்தில் ரயில் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்ப் பின்னுக்கு வந்ததில் சுமார் ஒன்றரை நிமிடம் போயிருந்தது. மணிக்கு 70 கிலோமீட்டர் அனுமதித்த வளைவில் வண்டி 116-ல் நுழைந்தது. தவறு செய்த ஓட்டுநர்களை 'நிக்கின் கியோய்க்கு' என்ற பெயரில் உட்கார வைத்து அவமானப்படுத்தும் 'மறுபயிற்சி' அன்று அந்த ரயிலை இயக்கிய நிறுவனத்தில் இருந்தது. அட்டவணையிலோ, இழந்த விநாடிகளை மீட்க இடைவெளியே விட்டுவைக்கவில்லை.

சூரிக் கடிகாரத்தின் ஒன்றரை விநாடி நிற்றலுக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. காத்திருப்பை அட்டவணையும் சுமக்கவில்லை, பயணியும் சுமக்கவில்லை. இளம் ஓட்டுநர் ஒருவரின் பயத்தின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு ஓட்ட நேரத்தைத் தளர்த்தினார்கள், வளைவுகளில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவிகளைப் பொருத்தினார்கள். நேரம் தவறாமல் ஓடும் எந்த அமைப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்கவேண்டியது அதில் எவ்வளவு உபரி நேரம் வைத்திருக்கிறார்கள் என்பதே. உபரி இல்லாத துல்லியம் யாரோ ஒருவரை நசுக்கிக்கொண்டிருக்கும்.

நாள் 22: லிமா

2007 மார்ச் 1 நண்பகல். பெரு முழுக்க சைரன் ஒலித்தது, தேவாலய மணிகள் அடித்தன, மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். 'ஓரா பெருவானா', பெரு நேரம் என்று அவர்களே பெயர் வைத்த தாமதத்தை ஒழிக்க அதிபர் ஆலன் கார்சியா தொடங்கிவைத்த இயக்கம். அதற்கு முன் 2003 அக்டோபரில் ஈக்வடார் இதே முயற்சியில் இறங்கி, ஒலிம்பிக் நடைப்போட்டியில் தங்கம் வென்ற ஜெஃபர்சன் பெரெஸை முன்னிறுத்தியது.

கடிகாரம் தப்பாக ஓடியதால் யாரும் தாமதமாக வரவில்லை, அதனால் சைரன் மட்டும் போதாது. பொருளியலாளர்கள் கௌசிக் பாசுவும் யோர்கன் வெய்புல்லும் இதைச் சமநிலை என்று விளக்கியிருக்கிறார்கள். ஐந்து பேர் கூடும் கூட்டம் என்று வையுங்கள். நான்கு பேர் அரை மணி பிந்துவார்கள் என்று தெரிந்தால், ஐந்தாமவர் நேரத்துக்கு வருவது அரை மணியை வீணாக்குவது. நான்கு பேர் நேரத்துக்கு வருவார்கள் என்று தெரிந்தால், பிந்துவது அவருக்கே சங்கடம். மனிதர்கள் மாறவில்லை, எதிர்பார்ப்பு மட்டும் மாறியிருக்கிறது. தனி ஆளாக யாரும் இதிலிருந்து வெளியேற முடியாது. வேலை செய்யும் மருந்து ஒன்று உண்டு: வராதவருக்காகக் காத்திருக்காமல் தொடங்கிவிடுவது. ஈக்வடாரில் 'உள்ளே வராதீர்கள், கூட்டம் நேரத்துக்குத் தொடங்கிவிட்டது' என்று கதவில் தொங்கவிட அட்டைகள் அச்சிட்டார்கள். அந்த அட்டை காத்திருப்பை, வந்தவர் தலையிலிருந்து எடுத்து வராதவர் தலையில் வைக்கிறது.

பயணிக்கு வேண்டிய விவரம்: லிமாவில் எல்லாமே தளர்வு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விமானம், ரயில், நெடுந்தூர பஸ், மருத்துவரின் நேரம் எல்லாவற்றுக்கும் உங்கள் பக்கம் கறாராக இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் பிந்தினாலும். அலுவல் சந்திப்புக்கு நேரத்துக்குப் போங்கள், கால் மணி காத்திருக்க ஏதாவது படிக்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த சந்திப்பை ஒட்டிப் போடாமல் ஒரு மணி இடைவெளி விடுங்கள்.

வீட்டு விருந்து வேறு. இங்கே வெளிப்படையாகக் கேட்க ஒரு கேள்வியே இருக்கிறது, கேட்பதில் யாருக்கும் வருத்தமில்லை: "ஓரா பெருவானாவா, ஓரா இங்லேசாவா?" பெரு நேரமா, ஆங்கில நேரமா. 'இங்லேசா' என்றால் எட்டுக்கு எட்டு. 'பெருவானா' என்றால் எட்டரைக்குக் கிளம்பினால் போதும். எட்டுக்கே போய் மணியை அழுத்தினால், கதவைத் திறப்பவர் ஈரத்தலையும் கையில் துண்டுமாக நிற்பார்.